கருப்பையும் பெரும்பாடும்

நன்னூலார் தகுதி வழக்கினை மூன்றாக வகுத்து, அவற்றுள் ஒன்றற்கு இடக்கரடக்கல் எனப் பெயர் தந்தனர். அவையின்கண் கூறத்தகாத சொல்லை மறைத்து, அப்பொருளைத் தகுந்த பிறிதொரு சொல்லாற் கூறுதலே இடக்கரடக்கல் எனப்படும். இவ்விதியைக் கற்கும் மாணவர் ஒரு நுட்பத்தை உற்று நோக்குதல் வேண்டும். அடக்கற்பாலது சொல்லேயன்றிப் பொருளன்று. பொருளையே வாய்திறந்து பேசலாகாதென்பது இலக்கணத்தார் கருத்தாயின், அதற்கு வேறொரு சொல்லை வகுத்துத் தர அவர்க்கு யாதொரு தேவையும் இராதன்றோ? ஆயினும், நம் நாட்டில் மகளிர் உடல்நலம் பற்றிய செய்திகளில் சொல்லோடு பொருளும் அடங்கிவிட்டது. அங்ஙனம் அடங்கியவற்றுள் தலையாயவை கருப்பையும், அதன்கண் திங்கள்தோறும் நிகழும் நிகழ்ச்சியும், அந்நிகழ்ச்சி நிலை திரிந்தவழித் தோன்றும் பெரும்பாடு என்னும் நோயுமாம்.

தமிழ் பயிலும் மாணவர் மருத்துவப் பொருளொன்றைப் பேசப் புகுந்தது என்னையெனச் சில நேயர் வினவக்கூடும். நோயாளி ஒருத்தி மருத்துவர்முன் சென்று நிற்கும்பொழுது, அவளுக்கு முதற்கண் வேண்டப்படுவது மருந்தன்று. தன் நோயைக் கூறுதற்கு ஒரு சொல். அச்சொல்லைத் தேடித் தருதல் மொழி பயில்வார்க்கும் உரிய கடமையாம். ஆதலின், மருத்துவ நூலோர் தெளிந்த செய்திகளைத் தொகுத்து, எளிய தமிழில் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பெயர்களும் அவற்றின் பொருளும்

திங்கள்தோறும் நிகழும் இக்குருதிப் போக்கிற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பலவாம். அவற்றுள் பூப்பு என்பது மலர்தலைக் குறித்து எழுந்தது. தொல்காப்பியனார் கற்பியலில் இச்சொல்லையே ஆண்டு, பூப்பின் பின்னர்ப் பன்னிரண்டு நாளும் கணவன் மனைவியை நீங்கியிருத்தல் அறத்தின் வழியன்று என்று விதித்தனர். அக்காலம் கருத்தோன்றுதற்குரியதென உரையாசிரியராகிய இளம்பூரணர் காரணமுங் காட்டினர். நாடோறும் கண்டறிந்ததைக் கொண்டு பண்டையோர் இவ்வளவு நெருங்கி வந்தமை வியக்கத்தக்கது.

மற்றொரு வகைப் பெயர்கள் தூரம், வீட்டுவிலக்கு, தீட்டு என்பன. இவை பெண்ணின் உடலில் நிகழ்வதைக் கூறுவனவல்ல. பிறர் அவளை ஒதுக்குவதைக் கூறுவன. இவ்வழக்கமும் பழமையுடையதே. புறநானூற்றில் பொன்முடியார், போர்க்களத்தில் பின்னிட்டு நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோயிலிற் பாண்டங்களைத் தீண்டாது ஒதுங்கி நிற்கும் பெண்டிரை உவமை கூறினர். நம் நாட்டவர் மாத்திரமே இவ்வாறு எண்ணினர் என்று கருதவும் இடமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பவர் தம் இயற்கை வரலாற்று நூலில், இந்நிலையிலுள்ள மகளிர் அணுகினால் புதிய திராட்சரசம் புளித்துப்போம் என்றும், தீண்டிய பயிர் மலடாகும் என்றும் எழுதி வைத்தார். அறியாமைக்குத் தேச வரம்பு இல்லை போலும்!

மூன்றாவதாக நிற்பது பெரும்பாடு என்னுஞ் சொல். பாடு என்பதற்குத் துன்பம் என்பதும் ஒரு பொருள். இயல்பாக நிகழும் பூப்பு வேறு, அளவிறந்து பெருகும் உதிரப்போக்கு வேறு என நம் முன்னோர் பிரித்துணர்ந்து, பின்னதற்குத் தனிப்பெயர் இட்டிருக்கின்றனர். பூப்பு நோயன்று; பெரும்பாடு நோய். இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இத்தகைய பொருள்களைக் கூறத் தமிழிற் சொல்லில்லை என்பாரும் உளர். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சேர்ந்த அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலும் பிரசவ மருத்துவ நூலும் அவர் முயற்சியால் தமிழில் அச்சேறின. அவர் காலத்திலேயே கூடியது இக்காலத்திற் கூடாதென்பது பொருந்தாது.

கருப்பையின் இயல்பு

கருப்பை என்பது அடிவயிற்றில், முன்னே மூத்திரப்பைக்கும் பின்னே மலக்குடலுக்கும் இடையே அமைந்த தசைப்பை. தலைகீழாய்ப் பிடித்த பேரிக்காயை ஒத்தது அதன் வடிவம். பிள்ளை பெறாத மகளிர்க்கு அதன் நீளம் ஏறத்தாழ 3 அங்குலம். அகலம் 2 அங்குலம். கனம் 1 அங்குலம். நிறையோ ஏறத்தாழ 60 கிராம் மாத்திரமே. கருவுற்ற காலத்தில் அஃது ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறையுடையதாய்ப் பருத்து, பிள்ளை பிறந்தபின் சில வாரங்களிற் பழைய அளவிற்குச் சுருங்கிவிடும்.

கருப்பையின் சுவர் மூன்று அடுக்குடையது. புறத்தே மெல்லிய போர்வையும், நடுவே தடித்த தசையும், அகத்தே குருதிக் குழாய்கள் செறிந்த உட்படலமும் அமைந்துள்ளன. இவ்வுட்படலமே நம் கதையின் தலைவி எனலாம். கருப்பையின் மேற்பகுதியில் இருபுறமும் இரு கருக்குழாய்கள் செல்லும். அவற்றின் முனைகளுக்கருகே வாதுமைக் கொட்டை போன்ற இரண்டு சூற்பைகள் உள்ளன. கருமுட்டைகள் தங்கி முதிர்வது அச்சூற்பைகளிலேயாம்.

திங்கள்தோறும் நிகழ்வது

பழைய கிரேக்க மருத்துவர், பெண்ணின் உடலில் மிஞ்சிய குருதியே மாதந்தோறும் வெளிப்படுகின்றது எனக் கருதினர். உண்மை மெல்ல மெல்லவே விளங்கிற்று. 1672-ஆம் ஆண்டில் ஒல்லாந்தராகிய தெ கிராப் சூற்பையிலுள்ள நீர்க்கொப்புளங்களை விவரித்தார். 1827-ஆம் ஆண்டில் வான் பேயர் என்பவர் பாலூட்டிகளின் கருமுட்டையை முதன்முதற் கண்டார். 1908-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர்களாகிய ஹிட்ஷ்மன், அட்லர் என்னும் இருவர், கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் ஒழுங்காக மாறி வருவதெனக் காட்டினர். அதற்கு முன்னர் அம்மாறுதல்களிற் பலவற்றை மருத்துவரே அழற்சி நோயென்று எண்ணி மயங்கியிருந்தனர்.

நிகழ்வது இதுவாம். மூளையின் அடியிற் பட்டாணியளவாய்த் தொங்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பி, தன் சுரப்புநீரைக் குருதி வழியே சூற்பைக்கு அனுப்பும். அதனால் ஒரு கருமுட்டை முதிரத் தொடங்கும். முதிரும் முட்டையைச் சூழ்ந்த உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கும். அஃது உட்படலத்தை வளரச் செய்யும். குருதிப்போக்கு நின்ற காலத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமேயிருந்த அப்படலம், சில நாளிற் பன்மடங்கு தடிக்கும். பின்னர்ப் பிட்யூட்டரி ஒருநாள் தன் சுரப்பை மிகுதியாக விடுக்க, முதிர்ந்த முட்டை சூற்பையினின்று வெளிப்படும். இஃது அடுத்த பூப்பிற்கு ஏறத்தாழ 14 நாளுக்கு முன்னர் நிகழும்.

முட்டை நீங்கிய இடம் மஞ்சள் நிறமுற்று, புரோஜெஸ்டிரோன் என்னும் இரண்டாவது ஹார்மோனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் வளர்த்த படலத்தை இது பண்படுத்திக் கருவை ஏற்கத் தகுந்ததாக்கும். உழவன் ஒருவன் உழ, மற்றொருவன் எருவிட்டுச் சீர்செய்தல் போல்வது இவ்விரண்டின் தொழில். கரு வந்து பதியுமாயின் அப்படலம் நிலைத்து நிற்கும். வாராதாயின், ஏறத்தாழ 14 நாளில் மஞ்சட்பகுதி வாடிவிடும், ஹார்மோன்கள் குறையும், உட்படலத்தின் சுருள் நாளங்கள் இறுகும், குருதி பெறாத படலம் சிதைந்து, குருதியோடு கலந்து வெளிப்படும். 1940-ஆம் ஆண்டில் மார்க்கீ என்னும் அமெரிக்க அறிஞர், குரங்கின் கண்ணினுள் இவ்வுட்படலத்தின் சிறு துண்டுகளைப் பதித்து வைத்து, அந்நாளங்கள் இறுகுதலையும் பின் குருதி கசிதலையும் நேரே நோக்கி எழுதினார்.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, இக்குருதி உடலில் தேங்கிய அழுக்கன்று. கருவிற்கென விரித்த படுக்கை, விருந்தினர் வாராமையால் எடுத்து வைக்கப்படுகின்றது. மற்றொன்று, அவ்வாறு உரிந்த இடம் சில நாளிற் தழும்பின்றி ஆறிப் புதுப்படலம் தோன்றும். ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறத்தாழ 400 முறை இவ்வாறு நிகழ்கின்றது. இதனினும் வியத்தகு செயல் உடலிற் சிலவே.

இயல்பும் திரிபும்

இயல்பை அறியாதார்க்குத் திரிபு விளங்காது. எழுத்துக்களின் இயல்பு கற்றபின்னன்றோ புணர்ச்சி விகாரங்களைக் கற்கின்றோம்! இந்நாளில் மருத்துவர் நான்கு அளவைகளைக் கூறுவர். ஒரு பூப்பின் முதல்நாள் தொடங்கி அடுத்ததன் முதல்நாள் வரை 24 முதல் 38 நாளாதல் இயல்பு. 28 என்பது நடுவான ஒரு கணக்கேயன்றி விதியன்று. குருதி போதல் 8 நாளுக்கு மேற்படாதிருத்தல் இயல்பு. திங்களுக்குத் திங்கள் கால இடைவெளி பெரிதும் மாறாதிருத்தலும் இயல்பாம். நான்காவது அளவு. 80 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட போக்கினை ஆராய்ச்சியாளர் மிகுதி என்பர். வீட்டில் இதனை அளப்பார் இல்லை. ஆதலின், ஒருத்தியின் கல்வியையோ வேலையையோ உறக்கத்தையோ கெடுக்குமளவு போதலே மிகுதியென இப்பொழுது கொள்ளப்படுகின்றது. ஒரு மணிக்கொரு முறை துணியோ அணையாடையோ மாற்ற நேர்தல், இரவில் எழுந்தெழுந்து மாற்றுதல், ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட கட்டிகள் விழுதல், இரு பூப்பிற்கிடையே குருதி காணல், கணவனோடு கூடியபின் குருதி காணல் என்பன நோயின் அடையாளங்கள்.

இத்திரிபுக்குரிய காரணங்களைப் பன்னாட்டு மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு 2011-ஆம் ஆண்டில் ஒன்பதாக வகுத்தது. அவற்றுள் நான்கு கண்ணாற் காணத்தக்க கட்டுமான மாறுதல்கள்: உட்படலத்திற் தொங்கும் சதைவளர்ச்சி, உட்படலம் தசைக்குள் ஊடுருவுதல், நார்க்கட்டி, புற்றும் அதற்கு முந்திய நிலையும் என்பன. ஏனைய ஐந்தும் அங்ஙனம் காணப்படாதன: குருதி உறையாக் குறை, முட்டை வெளிப்படாமை, உட்படலத்தின் தனிக்கேடு, மருந்து முதலியவற்றால் வருவது, இன்னும் வகைப்படுத்தப்படாதது என்பன.

இவற்றுள் முட்டை வெளிப்படாமை மாணவியர் அறிதற்குரியது. முட்டை வெளிப்படாவிடின் மஞ்சட்பகுதி தோன்றாது, புரோஜெஸ்டிரோனும் இராது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரம் தனித்து வளர்க்கும் படலம், எல்லையின்றித் தடித்து, உறுதியின்றி ஆங்காங்கே உதிரும். பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளிலும், பூப்பு நிற்கும் பருவத்தை அணுகும்பொழுதும் இது மிகுதியாய்க் காணப்படும். பெரும்பாலும் இளம்பருவத்தில் இது தானே சீர்ப்படுமாயினும், எல்லாவற்றையும் வயதின் மேலேற்றி வாளாவிருத்தல் தீது. ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமியையும் அவள் குடும்பத்தாரையும் ஆராய்ந்து, பின்லாந்து தேசத்து மருத்துவர் வான் வில்லெபிராண்டு, 1926-ஆம் ஆண்டில் பரம்பரையாய் வரும் ஓர் உறையாக் குறையினை வெளியிட்டார். அச்சிறுமி தன் 13-ஆம் வயதில், நான்காவது பூப்பின்பொழுது குருதி நில்லாமல் இறந்தாள். இன்றோ அந்நோய்க்குத் தக்க மருந்துண்டு. நோயென்று அறிந்தால் மாத்திரமே அம்மருந்து பயன்படும்.

பூப்பு முற்றும் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி குருதி காணினும், அதனை மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். அங்ஙனம் காண்பவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு அது கருப்பைப் புற்றின் அறிகுறியாய் இருக்கின்றது. தொடக்கத்திலேயே அறியப்பெற்றால் பெரும்பாலும் தீரக்கூடிய நோய் அது. மீண்டும் இளமை திரும்பிற்று என நகைத்து விடுத்த பாட்டியர் எத்துணையரோ!

குருதியின் கணக்கு

பெரும்பாடு உயிரை ஒரேநாளிற் பறிப்பது அரிது. சிறிது சிறிதாய் உறிஞ்சுவதே அதன் வழக்கம். நல்ல குருதி 1 மில்லி லிட்டரில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. 80 மில்லி லிட்டர் குருதி போயின், 40 மில்லிகிராம் இரும்பு போயிற்று. நாம் உண்ணும் உணவிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்வதோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராமே. அதிலும் ஏறத்தாழ 1 மில்லிகிராம் அன்றாடச் செலவிற்கே சரியாகிவிடும். வரவிற்கு மிஞ்சிய செலவு திங்கள்தோறும் நிகழ்ந்தால் எக்குடும்பம் நிலைக்கும்? உடலும் அவ்வாறே. முகம் வெளுக்கும், படியேறின் மூச்சு வாங்கும், படிப்பில் மனம் ஊன்றாது. சோம்பல் என்று பிறர் பழிப்பது பலவிடத்துச் சோகையே. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்திய மகளிருள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். உணவுக் குறையும் பிறவும் இதற்குக் காரணமாயினும், சொல்லப்படாத பெரும்பாடும் அவற்றுள் ஒன்றென்பதில் ஐயமில்லை.

மறைத்தலால் வருங் கேடு

மருந்தில்லாமையாற் கெட்டவரினும், வாய்திறவாமையாற் கெட்டவர் பலர். திண்டிவனத்தில் தம் தந்தையாரோடு தங்கியிருந்த ஐடா ஸ்கடர் அம்மையார், ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவ வேதனையில் இறந்த செய்தியைக் கேட்டார். அவருடைய தந்தையார் மருத்துவரே. ஆயினும் ஆடவர் தம் மனைவியரைத் தொட்டு நோக்குதற்கு அப்பெண்களின் கணவன்மார் இசையவில்லை. அந்நிகழ்ச்சியால் மனமுருகிய அம்மையார் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று மீண்டு, 1918-ஆம் ஆண்டில் வேலூரில் மகளிர்க்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். பெண் மருத்துவர் இல்லாக் குறை இன்று பெரிதும் நீங்கிற்று. நாணமாகிய சுவர் மாத்திரம் நீங்கவில்லை.

தமிழ் வேதாகமத்திலும் பெரும்பாடு என்னும் இச்சொல் வருகின்றது. பன்னிரண்டு ஆண்டு அந்நோயால் வருந்திய ஒரு பெண்ணின் வரலாற்றை மாற்கும் லூக்காவும் எழுதியுள்ளனர். அவள் மருத்துவர் பலரிடம் சென்று, கைப்பொருள் முழுதும் இழந்து, முன்னினும் மோசமானாள் என்று மாற்கு கூறுவர். அக்காலத்து நியாயப்பிரமாணப்படி அவளும் அவளைத் தீண்டுவோரும் தீட்டுடையர். ஆதலின், அவள் கூட்டத்திற் பின்னாக மறைந்து வந்தாள். சுகம் பெற்றதோடு வரலாறு முடியவில்லை. தம்மைத் தொட்டவர் யாரென இயேசு பெருமான் வினவ, அவள் நடுங்கி முன்வந்து உண்மை முழுவதையும் பலர்முன் உரைத்தாள். அவரோ அவளைக் கடியாது மகளே என்று அழைத்தார். மறைந்து வந்தவள் பேசும்படி இடங்கொடுத்தமையும் அந்நலத்தின் ஒரு பகுதியாகவே எமக்குத் தோன்றுகின்றது.

மறைத்தலுக்கு மற்றொரு கேடும் உண்டு. நெடுநாள் பொறுத்து முடிவில் மருத்துவரை நாடுபவள், காரணம் ஆராயப்படாமலே கருப்பையை எடுத்துவிடும்படி சொல்லப்படுவதும் உண்டு. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாகாணங்களில் தேவையின்றிக் கருப்பை நீக்கப்பட்டதென்ற வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில், இதனைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாகாணங்களும் கைக்கொள்ளவேண்டுமென ஆணையிட்டது. கருப்பையை நீக்குதல் சிலர்க்கு இன்றியமையாததே. எனினும் அது கடைசி வழி. அதற்கு முன்னர் இரும்புச்சத்து மருந்தும், ஹார்மோன் மருந்தும், கருப்பையினுள் வைக்கும் சிறு சாதனமும், ஜப்பானியத் தம்பதியராகிய ஒக்கமோட்டோ இருவரும் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம் என்னும் குருதி நிறுத்தும் மருந்தும் உள்ளன. இவற்றுள் எது யார்க்குப் பொருந்துமென்பது காரணமறிந்த மருத்துவர் கூறவேண்டுவது. அசோகப்பட்டைக் கியாழம் போன்ற வீட்டு வைத்தியத்தை யாம் இகழவில்லை. காரணம் அறியாமுன் அதனை நம்பிக் காலம் போக்குதலையே தவிர்க்க என்கின்றோம்.

முடிவுரை

நேயர்காள்! இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்றே. பூப்பு இயல்பு, அதனை ஒதுக்குதற்குக் காரணமில்லை. பெரும்பாடு நோய், அதனைப் பொறுத்தற்குக் காரணமில்லை. சகோதரிகள் ஒரு சிறு குறிப்பேட்டில் பூப்பின் முதல்நாளையும் அது நீடித்த நாட்களையும் எழுதி வருவார்களாயின், மருத்துவர்க்கு அதனினும் சிறந்த சாட்சி வேறில்லை. சகோதரர்க்கும் இதிற் பங்குண்டு. தாயோ தமக்கையோ முகம் வெளுத்துச் சோர்ந்திருப்பதைக் கண்டால், அறியாதார்போல் அகலாமல், வருந்துங் காரணத்தை வினவி, மருத்துவமனைக்கு உடன் செல்லுதல் மகனுக்கும் தம்பிக்கும் இழுக்காகாது.

சொல்லைத் தகுதியாக்கிக்கொள்ள நம் இலக்கணம் நமக்கு உரிமை தந்துளது. அவ்வுரிமையைக் கொண்டு பேசுவோமாக. பேசாதிருத்தற்கு அதனைச் சாக்காக்காதிருப்போமாக.